நோட்டீஸ் ஒட்ட ஒரு கதவு

பெரியசாமியின் வீடு கார்த்திகை மாதத்துப் புயலில் விழுந்தது. விழுந்த சேதி ஊருக்குத் தெரியும், கிராம நிர்வாக அதிகாரிக்குத் தெரியும், நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர்களுக்கும் தெரியும். நீதிமன்றத்துக்கு மட்டும் தெரியாது. நீதிமன்றத்துக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டுமானால் மனுப் போட வேண்டும், மனுவில் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். புயல் இதில் எதையும் செய்யாமல் வந்த வழியே போய்விட்டது.

பெரியசாமி கொத்தனார். மயிலத்துப் பக்கம் அவர் கை படாத வீடு குறைவு. கோலியனூர் வரைக்கும் போய்க் கட்டிக் கொடுத்தவர்தான், சொந்த வீடு மட்டும் ஓடு போட்ட மண்சுவராகவே நின்றுவிட்டது. அந்த மண்சுவரை நம்பியும் ஒரு நிதிக் கம்பெனி கடன் கொடுத்தது. மனைவி வேணியின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக நான்கு வருஷத்துக்கு முன்னால் வீட்டை அடமானம் எழுதி வாங்கிய கடன் அது. ஒன்றரை வருஷம் கட்டினார், அப்புறம் சாரத்திலிருந்து விழுந்து முட்டி போனது, தவணையும் போனது. கம்பெனி வழக்குப் போட்டது.

இப்போது புருஷனும் பெண்டாட்டியும் விழுந்த வீட்டு மனையிலேயே நீலத் தார்ப்பாய் கட்டி அதன் கீழ் இருந்தார்கள். அரசாங்கத்தில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டித் தரும் திட்டத்தில் பெரியசாமியின் பெயர் ஏழாவதாக வந்திருந்தது. ஊராட்சி அலுவலகத்தில் இருந்த கலையரசி என்கிற பெண் நல்ல மாதிரி. கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்.

“அண்ணா, உங்க மனை மேல அடமானம் இருக்குது. வில்லங்கத்துல காட்டுது. அத தீத்துட்டு வந்தீங்கனா மறுநாளே ஆர்டர். ஜூன் முப்பதுதான் கடைசி. அதுக்கு மேல ஆச்சுன்னா லிஸ்ட்ல அடுத்த பேருக்குப் போய்டும். என் கையில ஒண்ணுமில்ல.”

வேணியின் தம்பி சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறவன். அக்கா தார்ப்பாய்க்குக் கீழ் படுத்திருக்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு, தன் கல்யாணத்துக்குச் சேர்த்ததை அப்படியே அனுப்பி வைத்தான். வட்டியும் முதலும் சேர்த்துப் பைசா பாக்கியில்லாமல் பெரியசாமி அதை டிராஃப்டாக எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு நிதிக் கம்பெனிக்குப் போனார். இதோடு தொலைந்தது சனியன் என்றுதான் நினைத்தார். பாவம், அப்படி நினைக்க அவருக்கு உரிமை இருந்தது.

“கேஸ் கோர்ட்ல இருக்குது. நடுவுல நாங்க கை நீட்டி வாங்கக்கூடாது. கோர்ட்ல கட்டுங்க, அவங்க எங்களுக்குக் குடுப்பாங்க” என்றார் மேனேஜர்.

அந்தக் கோர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈட்டுச் சொத்து அமலாக்கத் தனி நீதிமன்றம் என்று அதற்குப் பெயர். அதை ஆரம்பிக்கும்போது விழுப்புரத்துக்காரர்கள் எங்கள் ஊருக்கு வேண்டும் என்றார்கள், திண்டிவனத்துக்காரர்கள் எங்கள் ஊருக்குத்தான் என்றார்கள். இரண்டு பக்கமும் பஸ் மறித்தார்கள். கடைசியில் யாருக்கும் மனக்குறை வேண்டாமென்று நீதிபதியைத் திண்டிவனத்திலும் வழக்குக் கட்டுகளை விழுப்புரத்திலும் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு ஜீப் கட்டுகளை ஏற்றிக்கொண்டு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும். ஜீப் பழுதானால் நீதிபதியிடம் வழக்கு இருக்காது, வழக்கிடம் நீதிபதி இருக்க மாட்டார். மற்றபடி நீதி தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

பெரியசாமி கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் நின்று விழுப்புரம் பஸ் ஏறினார். தலைமை எழுத்தர் பாண்டுரங்கன் கட்டை எடுத்துப் புரட்டினார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“நீங்க யாரு?”

“பிரதிவாதிங்க. பெரியசாமி. பணம் கட்ட வந்துருக்கறங்க.”

“பிரதிவாதிக்கு இன்னும் நோட்டீஸே சார்வு ஆவலியே. கையில போய்ச் சேரலியே.”

“அதான் நானே வந்துட்டேன் சார். இங்கியே குடுங்க, வாங்கிக்கறேன்.”

பாண்டுரங்கன் கட்டை அவர் பக்கமாகத் திருப்பி ஒரு தாளைக் காட்டினார். நோட்டீஸ் கொண்டுபோகிற அமீனா எழுதிய அறிக்கை அது. ‘மார்கழி ஐந்தாம் தேதி பிரதிவாதியின் வீட்டுக்குச் சென்றேன். கதவு பூட்டப்பட்டிருந்தது. விசாரித்ததில் வெளியூர் சென்றிருப்பதாகச் சொன்னார்கள்.’ கீழே ஊரிலேயே இல்லாத இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்து. மார்கழி இருபதாம் தேதிக்கு இதேபோல் இன்னொரு தாள். அப்போதும் கதவு பூட்டித்தான் இருந்தது.

பெரியசாமி இரண்டு முறை படித்தார்.

“சார், வூடு கார்த்திகையிலியே வுழுந்துடுச்சுங்க. கதவு ஓடைக்கு அந்தாண்ட கெடந்தது. மார்கழில எங்க சார் பூட்டு?”

“அது எனக்குத் தெரியாதுங்க. ஃபைல்ல பூட்டியிருக்குது. ரெண்டு தடவ பூட்டியிருந்தா, முன்வாசல் கதவுல நோட்டீஸ் ஒட்டி, தண்டோரா போடணும்னு ஐயா உத்தரவு போட்டுட்டாரு. உத்தரவு போட்டப்புறம் கையில குடுக்க முடியாது. கதவுல ஒட்டினாத்தான் உங்களுக்குத் தெரிஞ்சதா அர்த்தம். தெரிஞ்சப்புறம்தான் பணம் கட்ட முடியும்.”

“எனக்குத்தான் தெரியுமே சார்.”

“உங்களுக்குத் தெரியும்னு கோர்ட்டுக்குத் தெரியணுமில்ல?”

பெரியசாமி ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். பாண்டுரங்கன் போட்டோவையும் முகத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “நீங்கதான். சந்தேகமே இல்ல. ஆனா கோர்ட்டப் பொறுத்த மட்டும் நீங்க வெளியூருல இருக்கீங்க. போய்ட்டு வாங்க.”

மாசியில் அமீனா சகாயராஜ் நிஜமாகவே வந்தார். ஓய்வுபெறப் பத்து மாதம் இருந்த மனிதர். டிவிஎஸ் எக்ஸெல்லில் பசைவாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, மனைக்கு முன்னால் நிறுத்தி, இறங்கி, கதவைத் தேடினார். கல்லும் ஓட்டுத்துண்டும் ஒரு குவியலாகக் கிடந்தன. நடுவில் தார்ப்பாய். அதன் கீழே வேணி கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

“அந்த வேப்ப மரத்துல ஒட்டிடுங்களேன் சார்” என்றார் பெரியசாமி.

“மரம் சொத்து விவரத்துல இல்லீங்க.”

“தார்ப்பாய்ல?”

“தார்ப்பாய் அசையுஞ் சொத்து. நாளைக்கு நீங்க சுருட்டிக்கினு போய்ட்டா நோட்டீஸும் கூடப் போய்டும்.” சகாயராஜ் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “மார்கழில மொழங்கால் வலி, வர முடியல. எப்பவும் எழுதறதுதானேன்னு பூட்டியிருந்துச்சுன்னு எழுதிட்டேன். இப்ப கதவே இல்லன்னு எழுதினா முன்னால எழுதினது பொய்யின்னு ஆவும், என் பென்ஷன் போய்டும். உங்களப் பாத்தா பாவமாத்தான் இருக்குது. பாவத்துக்கு ஃபாரம் இல்லீங்களே. ஒரு கதவு வச்சிக்கினு சொல்லுங்க. பாஞ்சே நிமிசத்துல ஒட்டிட்டுப் போய்டறேன்.”

அவர் போன பிறகு வேணி துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்தாள். “வூடு இல்லாதவங்கிட்ட கதவு கேக்கறானுங்க. நீயும் தலைய ஆட்டற.”

“நாலு செங்கல்லு, ஒரு நிலை. நம்ம தொழில்தான வேணி. ஒரு நாள் வேல.”

ஒரு நாள் வேலை என்று சொன்னாரே தவிர, அவருக்குக் கை வேறு மாதிரி பழகியிருந்தது. இருபத்தாறு வருஷமாகக் கட்டியவர். கதவு மட்டும் தனியாக நிற்காது, சுவர் வேண்டும். சுவர் வேண்டுமானால் அஸ்திவாரம் வேண்டும். நோட்டீஸ் ஒட்டத்தானே, சாந்தைக் குழைத்து அப்பிவிட்டுப் போகலாமே என்று அவரால் நினைக்க முடியவில்லை. வேலை செய்த வீடுகளில் மிச்சமான செங்கல்லைக் கெஞ்சி வாங்கி வந்தார். மூன்றடி தோண்டினார். ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பத்தடி நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். ஓடைக்கு அந்தப் பக்கம் கிடந்த பழைய நிலையையும் கதவையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார்.

அங்கேதான் தப்பு செய்தார். செய்யும்போது அது தப்பென்று தெரியவில்லை. நிலை வைக்கிற நாள் என்றால் ஒரு கொத்தனாருக்கு அது சும்மா ஒரு நாள் கிடையாது. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்தார். வேணி நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மாவிலை கட்டினார்கள். அடியில் நவதானியமும் ஒற்றை ரூபாய் நாணயமும் போட்டார்கள். தெருவில் நான்கு பெண்கள் தட்டில் தேங்காய் பழத்தோடு வந்துவிட்டார்கள். சூடத்தைக் காட்டும்போது வேணி அழுதாள். எதற்காக வைக்கிற நிலை என்பது அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு மறந்துபோயிற்று. பெரியசாமிக்கும் மறந்துதான் போயிற்று.

சகாயராஜ் வந்து கதவில் பசை தடவி நோட்டீஸை ஒட்டினார். குறிப்பிட்ட நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் சொத்து ஏலத்துக்கு வரும் என்று அதில் எழுதியிருந்தது. போனில் மூன்று பக்கமும் போட்டோ எடுத்தார். நான்காவது பக்கம் வானமாக இருந்ததால் விட்டுவிட்டார்.

“ஒட்டியாச்சு. இப்ப தண்டோரா. யாரு அடிக்கறாங்க?”

யாரும் அடிக்கவில்லை. காலனிக்காரர்கள் பறையடிப்பதை நிறுத்திப் பதினைந்து வருஷமாயிற்று. அவர்கள் பிள்ளைகள் நர்சிங்கும் டிப்ளமோவும் படித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். கோர்ட்டுக்கு வேண்டுமானால் கோர்ட்டே வந்து அடித்துக்கொள்ளட்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை.

“ஆட்டோவுல மைக்கு கட்டிச் சொல்லிடலாமா சார்?”

“சட்டம் எழுதின காலத்துல ஆட்டோ இல்லீங்களே. ஏதோ ஒண்ணு, தட்டற சத்தம் கேக்கணும்.”

பெரியசாமி சாந்து அள்ளும் இரும்புச் சட்டியை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தார். கரணையின் பிடியால் தட்டினார். முட்டி வலியோடு தெருத்தெருவாக நடந்தார். பின்னால் சகாயராஜ் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

“இதனால சகலமான பேருக்கும் தெரிவிக்கறது இன்னான்னா, பெரியசாமி வூடு ஏலத்துக்கு வருது. பணம் கட்டலன்னா ஏலத்துக்கு வருது.”

மல்லாட்டைத் தோலை உடைத்துப் பருப்பெடுத்துக்கொண்டிருந்த அம்மணி தலை நிமிர்ந்தாள். “எந்தப் பெரியசாமி வூடு?”

“நம்ம வூடுதான்க்கா.”

“அது வுழுந்துட்டது இல்ல?”

“ஆமாக்கா” என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு தட்டு தட்டினார். ஐந்து தெரு முடிய வேண்டும் என்று உத்தரவில் இருந்தது, ஐந்து தெருவும் முடித்தார்.

விசாரணைத் தேதி போட்டார்கள். அன்றைக்கு ஜீப் ஒலக்கூரோ ஓங்கூரோ எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த தேதியில் கட்டு வந்தது, நீதிபதி பயிற்சிக்குப் போயிருந்தார். விரைவான நீதி என்பது பயிற்சியின் தலைப்பு. இதற்குள் டிராஃப்ட் காலாவதியாகிவிட, பேங்க்கில் நின்று புதுப்பித்துக்கொண்டு வந்தார். கடைசியில் ஜூன் இருபத்து நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, திண்டிவனத்தில் நீதிபதியும் கட்டும் பெரியசாமியும் ஒரே அறையில் இருந்தார்கள். அப்படி ஒரு நாள் வருமென்று அங்கே இருந்த வக்கீல்களே எதிர்பார்க்கவில்லை.

பெரியசாமி பிளாஸ்டிக் கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் ஆறு நாள் இருந்தது. அதை மட்டும் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீதிபதி நிதானமானவர். யாரையும் கடிந்து பேசியதே கிடையாது. சகாயராஜ் எழுதிய அறிக்கையைப் படித்தார். நோட்டீஸ் ஒட்டியதை எழுதிய கையோடு, உள்ளதை மறைக்காமல் இதையும் எழுதியிருந்தார் சகாயராஜ்: ‘மேற்படி சொத்தில் புதிதாகச் சுவர் எழுப்பி, மஞ்சள் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, நிலை வைத்திருந்ததைக் கண்டேன்.’ வாழ்க்கையில் முதல் முறையாக நேரில் போய்ப் பார்த்ததை எழுதியிருந்தார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிட்டார்.

“வழக்கில் இருக்கும் மனையில் புது வீடு கட்டத் தொடங்கியிருக்கிறீர்களா?” என்றார் நீதிபதி.

“வூடு இல்லீங்கய்யா. நோட்டீஸ் ஒட்டறதுக்குக் கதவு.”

“மாவிலை எதற்கு?”

நிலை வைத்தால் மாவிலை கட்டுவார்கள். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று பெரியசாமி யோசித்ததில்லை. “பழக்கங்கய்யா” என்றார். பிறகு கவரை நீட்டினார். “முழுப் பணமும் இருக்குதுங்கய்யா. வட்டியோட. வாங்கிக்கினு அடமானத்தத் தீத்துக் குடுத்தீங்கனா போதும். ஆறு நாள்தான் இருக்குது. இத வுட்டா எங்களுக்கு வூடே கெடயாதுங்கய்யா.”

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். அவருக்கும் மனசு இளகியிருக்க வேண்டும், குரல் அப்படித்தான் இருந்தது.

“இதைக் கேளுங்கள். இந்தச் சட்டத்தின் ஒவ்வொரு படியும் உங்களைப் போன்ற ஏழைகளின் வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே போடப்பட்டது. உங்கள் வீடு உங்களுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதில் நாங்கள் அவ்வளவு கவனமாக இருக்கிறோம். இந்த நீதிமன்றம் ஒருவர் வீட்டையும் அவசரப்பட்டு எடுத்தது கிடையாது. பதினோரு வருஷம்கூட எடுத்துக்கொண்டிருக்கிறோம். சிலர் எங்கள் பாதுகாப்பிலேயே காலமாகியும் இருக்கிறார்கள். அவர்கள் உரிமைக்குக் கடைசி வரை ஒரு பங்கமும் வரவில்லை.”

வக்கீல்கள் தலையசைத்தார்கள்.

“ஆனால், சொத்து விவரத்தில் இல்லாத புதுச் சுவரின் கதவில் ஒட்டிய நோட்டீஸ் செல்லாது. சார்வு ஆகாத வழக்கில் பணம் வாங்க எனக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாததைச் செய்து உங்களுக்கு உதவி பண்ணினால், நாளைக்கு அதிகாரம் இல்லாமல் உங்களுக்குத் தீங்கும் பண்ணலாம் என்று ஆகிவிடும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.”

நல்ல மனிதரானதால் அதோடு விடவில்லை. மனையின் தற்போதைய நிலை தொடர வேண்டும், ஒரு செங்கல்லைக்கூட வைக்கவோ எடுக்கவோ கூடாது என்றார். இன்று முதல் அந்தக் கதவை முன்வாசல் கதவாக நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது என்றார். அமீனா மறுபடி போக வேண்டும், கதவைத் திறக்கும் பிரதிவாதியிடம் நோட்டீஸைக் கையில் கொடுக்க வேண்டும், இரண்டு முறை பூட்டியிருந்தால் கதவில் ஒட்ட வேண்டும் என்றார். சந்தோஷப்பட வேண்டிய உத்தரவு என்று பக்கத்தில் நின்ற வக்கீல் ஒருவர் பெரியசாமியின் தோளைத் தட்டினார். கட்டை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஆறு நாளும் பெரியசாமி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. உத்தரவின் நகல் விழுப்புரத்தில் டைப் ஆகிக்கொண்டிருந்தது. முப்பதாம் தேதி சாயங்காலம் கலையரசி போன் பண்ணினாள். “அண்ணா” என்று மட்டும் சொன்னாள்.

வீடு பட்டியலில் அடுத்த பெயரான முத்துசாமிக்குப் போயிற்று. முத்துசாமி கட்டுமான வேலைக்குப் பெரியசாமியைத்தான் கூப்பிட்டார். அந்த வட்டாரத்தில் கையும் மட்டமும் சுத்தமான கொத்தனார் வேறு யார்? பெரியசாமி போனார். போகாவிட்டால் அடுப்பு எரியாது. முத்துசாமியின் வீட்டுக்கு நிலை வைத்த அன்றைக்கு அவருக்கு வேட்டியும் துண்டும் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து வேணியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. மயிலத்துக்கு நடந்து போய் ஒரு பெரிய பூட்டு வாங்கி வந்தாள். தனியாக நிற்கிற அந்தக் கதவைச் சாத்தி உள்பக்கமாகப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“இன்னிமே எந்த நாயும் நம்ம வூட்டுக்குள்ள வரக் கூடாது” என்றாள்.

ஆடியில் சகாயராஜ் வந்தார். அன்றைக்குப் பெரியசாமிக்கு வேலை இல்லை. எக்ஸெல் சத்தம் கேட்டதும் தார்ப்பாயிலிருந்து எழுந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

“குடுங்க சார். குடுங்க. இதையாவது முடிச்சுட்டு அந்தப் பணத்தக் கட்டிடறேன். இல்லன்னா மனையும் போய்டும் சார்.”

சகாயராஜ் நோட்டீஸைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “உத்தரவுல கதவத் தொறக்கற பிரதிவாதின்னு போட்டுருக்குதுங்க. நீங்க கதவுக்கு வெளியில இருக்கீங்க. உள்ளருந்து தொறந்து வாங்குங்க. இந்த ஒரு தடவ நான் ஒழுங்கா எழுதிட்டுப் போறேன். டிசம்பர்ல ரிட்டயர்டு ஆவறேன்.”

“சாவி அவகிட்ட இருக்குது.”

“அப்ப தட்டுங்க.”

சுவரின் இரண்டு பக்கமும் காலி வெளி. ஒரு ஆடு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிற்று. சகாயராஜ் இரண்டு முறை கதவைத் தட்டினார், காத்திருந்தார். பெரியசாமி அவர் பக்கத்தில் வாசற்படியில் ஏறி நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவரும் தட்டினார்.

அந்தப் பக்கமிருந்து வேணியின் குரல் வந்தது. “யாரு?”

சகாயராஜ் அவரைப் பார்த்தார். நான்தான் என்று பெரியசாமி சொல்லியிருக்கலாம். அதைத்தான் ஆறு மாதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார், யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

“கோர்ட்டுலேர்ந்து வந்திருக்கோம்” என்றார். “தொறம்மா.”

அந்தப் பக்கம் களித்துடுப்பு சட்டியில் உரசுகிற சத்தம் கேட்டது. சகாயராஜ் வண்டிச் சீட்டில் தாளை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். ‘பிரதிவாதியின் வீட்டுக்குச் சென்றேன். கதவு பூட்டப்பட்டிருந்தது.’ எழுதி முடித்ததும் சாட்சிக்கு ஆள் தேடித் தெருவைப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை.

பெரியசாமி பேனாவை வாங்கி, சாட்சி என்று போட்டிருந்த இடத்துக்கு நேரே தன் பெயரை எழுதினார்.